காகிதக் கோடும் கணிப்பொறிப் பக்கமும்

மனிதன் படைத்த பொருள்களில் பெரும்பாலானவை முதலில் கோடாகப் பிறந்தவையே. பாலமாயினும், கப்பலாயினும், தொழிற்சாலையாயினும், அதைக் கட்டுவதற்கு முன் எவரோ ஒருவர் ஒரு தாளின்மேல் அதனை வரைந்திருக்கிறார். பின்னர் வேறு பலர் அத்தாளைப் பார்த்து, இரும்பை வெட்டியும் கல்லைச் சுமந்தும் அதை உண்மைப் பொருளாக்கியிருக்கின்றனர். வரைந்தவர் பெயர் கல்வெட்டில் நிலைத்திருக்கும். சுமந்தவர் பெயர் எங்கும் இராது. வட சென்னையில் வாழும் நமக்கு இதனைப் பிறர் எடுத்துரைக்க வேண்டியதில்லை. துறைமுகமும் இரயில் நிலையமும் ஆலைகளும் சூழ்ந்த இம்மண்ணில் தலைமுறை தலைமுறையாக உழைத்து வந்தவர்கள் நாம்.

இன்று தாளில் வரைந்த கோடுகள் இணையப் பக்கங்களாகவும் மாறுகின்றன. பென்சிலால் நான்கு கட்டங்களை வரைந்து, அவற்றுள் சில சொற்களை எழுதி, அத்தாளைக் கைபேசியால் படம் பிடித்துக் கணிப்பொறிக்குக் கொடுத்தால், சிறிது நேரத்தில் அது திரையில் இயங்கும் பக்கமாக வந்து நிற்கிறது. இது மாயமன்று; அறுபது ஆண்டுகால ஆராய்ச்சியின் விளைவு. அந்த வரலாற்றை நம் இளைஞர்கள் அறிதல் வேண்டும். அதில் நமக்குரிய இடம் யாது என்பதையும் ஆராய்தல் வேண்டும். நமது கல்விக் கழகத்தின் வெள்ளி விழா மலரில் இக்கட்டுரை இடம்பெறுவதன் நோக்கம் அதுவே.

வரைந்தவரும் செய்தவரும்

நம் மண்ணிலிருந்தே தொடங்குவோம். தென்னிந்தியாவின் முதல் இரயில் 1856ஆம் ஆண்டு இராயபுரத்திலிருந்து புறப்பட்டது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, அதற்குத் தெற்கே சென்னைத் துறைமுகத்தின் கட்டுமானம் தொடங்கியது. பார்க்ஸ் என்னும் பொறியாளர், கடலுக்குள் இரு கரங்கள் நீண்டு, கிழக்கு நோக்கி வாயில் திறந்திருக்குமாறு அத்துறைமுகத்தை வரைந்தார். 1881 நவம்பரில் வீசிய புயல் அக்கரங்களை உடைத்தெறிந்தது. மீண்டும் கட்டினார்கள். ஆயினும் அந்தக் கிழக்கு வாயிலைக் கடல் ஏற்கவில்லை. அலையும் மணலும் தொல்லை கொடுத்துக்கொண்டே இருந்தன. 1904இல் துறைமுகப் பொறுப்பை ஏற்ற சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில் அவ்வாயில் அடைக்கப்பட்டு, வடகிழக்கில் புதுவாயில் அமைக்கப்பட்டது. வரைபடம் என்பது முடிவன்று, சோதித்துப் பார்க்க வேண்டிய ஒரு முன்மொழிவே என்பது இதனால் நாம் பெறும் முதற் பாடம்.

இரண்டாவது பாடம் இன்னும் கசப்பானது. இக்கடற்கரையில், ஆண்டு முழுவதையும் கணக்கிட்டால், மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கியே மிகுதியாக நகர்கிறது. துறைமுகத்தின் கரங்கள் அந்த ஓட்டத்தை மறித்தன. தெற்கே மெரினாக் கரை அகன்று விரிந்தது. வடக்கே இராயபுரம் முதல் கரை அரித்துக்கொண்டு போயிற்று. இன்று எண்ணூர் நோக்கிச் செல்லும் கடற்கரைச் சாலையோரம் குவிந்து கிடக்கும் கருங்கற்கள் அதற்குச் சான்று. துறைமுகத்தை வரைந்தவர்களின் கணக்கில் கப்பல்களின் பாதுகாப்பு இருந்தது. வடக்கே கரையோரக் குடிசைகளில் வாழ்ந்தோரின் பாதுகாப்பு இருந்ததா? வரைபவர் எவரை நினைத்து வரைகிறாரோ அவருக்கே வரைபடம் பயன்படும். நினைக்கப்படாதோர் அதன் விலையைக் கொடுப்பர்.

இது பழங்கதை மட்டுமன்று. எண்ணூர்க் கழிமுகத்தைக் காக்கப் போராடியோர் 2017இல் இரண்டு கடற்கரை மண்டல வரைபடங்களை ஒப்பிட்டு மக்கள்முன் வைத்தனர். 1996இல் ஒப்புதல் பெற்ற வரைபடத்தில் காணப்பட்ட கழிமுகம், மற்றொன்றில் காணப்படவில்லை என்பதை அவர்கள் எடுத்துக்காட்டினர். கண்முன் ஓடும் நீரும் தாளில் இல்லாமற் போகலாம் என்றால், கோடு போடும் கைக்கு எத்துணை வல்லமை உண்டு என்பதை எண்ணிப் பாருங்கள்!

ஆலைகளுக்குள்ளும் இதே நிலைதான். 1948இல் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ் எண்ணூரிலும், 1955இல் தொடங்கப்பட்ட என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் திருவொற்றியூரிலும் வாகனங்களைச் செய்யலாயின. இத்தகைய ஆலைகளில் வரைபடம் இல்லாமல் ஓர் உறுப்பும் லேத்தில் ஏறாது. 1842இல் ஆங்கில அறிஞர் ஜான் ஹெர்ஷல் கண்டறிந்த நீலப்படி முறையால் ஒரே வரைபடத்தைப் பல படிகள் எடுக்க முடிந்தது. 'ப்ளூ பிரிண்ட்' என்னும் சொல் அதிலிருந்தே வந்தது. படத்தைப் படிக்கத் தெரியாதவர் சுமை தூக்குபவராகவே நின்றார். படிக்கத் தெரிந்தவர் ஃபிட்டராகவும் டர்னராகவும் உயர்ந்தார். வரையத் தெரிந்தவரோ தனியறையில் மேசைமுன் அமர்ந்தார். 1950இல் மத்திய அரசு தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் வழியே தொழிற்பயிற்சி நிலையங்கள் பெருகி, அங்கே பொறியியல் வரைபடமும் பாடமானபோதுதான் உழைக்கும் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் அந்த இடைப்படியில் கால் வைக்க முடிந்தது.

சாதி முறை வேலையை மட்டும் பகுக்கவில்லை; வேலை செய்யும் மனிதரையே மேல் கீழாகப் பகுத்துவிட்டது என்னும் கருத்தை அண்ணல் அம்பேத்கர் 1936இல் எழுதிய நூலில் விளக்கினார். எண்ணுவதற்கு ஒரு சாரார், செய்வதற்கு ஒரு சாரார் என்ற பிரிவினை அங்கே பிறந்தது. கோடு போடும் கையும் கல் சுமக்கும் கையும் வேறாயின. இந்த மதிலைக் கடப்பதே கல்வியின் வேலை என்பது நம் கழகத்தின் கொள்கை.

நம் முன்னோர் கண்ட பக்கங்கள்

பக்கம் என்பதும் ஒரு கட்டடமே. அதில் யார் பேசுவது, எது மேலே நிற்பது, எது விடுபடுவது என்பதை அதை அமைப்பவர் தீர்மானிக்கிறார். பிறர் நடத்திய ஏடுகளில் நமக்கு இடமில்லை என்பதைக் கண்ட நம் முன்னோர், தமக்கெனப் பக்கங்களைப் படைத்தனர். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' என்னும் இதழைத் தொடங்கினார். இழிவாகச் சொல்லப்பட்ட பெயரையே தலைப்பாக உயர்த்திப் பிடித்த துணிவு அது. பண்டித அயோத்திதாசர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழை இராயப்பேட்டையிலிருந்து வெளியிட்டார். அடுத்த ஆண்டு அது 'தமிழன்' ஆயிற்று. ஒரு பைசா என்னும் விலையே ஒரு கொள்கை அறிவிப்பாகும்: உழைப்பவன் வாங்கிப் படிக்கக் கூடிய பக்கமே நம் பக்கம்.

அச்சகத்திலும் வரைபடமே முன்னோடி. ஓர் இதழை அச்சேற்றுவதற்கு முன், எந்தச் செய்தி எங்கே, எந்தப் படம் எங்கே என்று ஒரு தாளில் கட்டமிட்டுக் காட்டுவார்கள். அதனை 'டம்மி' என்பர். அச்சுக்கோப்பவர் அத்தாளை அருகில் வைத்துக்கொண்டு ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோப்பார். தாளில் வரைந்த கட்டம் படிக்கத்தக்க பக்கமாக மாறுவது, ஆகவே, கணிப்பொறிக் காலத்தில் தோன்றிய புதுமையன்று. அன்று மனிதக் கை செய்ததை இன்று இயந்திரம் செய்கிறது. மாறியது அவ்வளவே.

ஒளிப்பேனாவும் அட்டைப்பெட்டியும்

மனிதன் வரையும் கோட்டைக் கணிப்பொறி நேரடியாகப் புரிந்துகொள்ளுமா? இக்கேள்விக்கு முதன்முதல் சிறந்த விடை கண்டவர் அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற ஐவன் சதர்லண்டு. 1963இல் அவர் அளித்த ஆய்வேட்டின் பயனாக 'ஸ்கெட்ச்பேட்' என்னும் முறை உலகுக்குத் தெரியவந்தது. ஒளிப்பேனா ஒன்றால் திரையின்மேலேயே கோடு போட முடிந்தது. இரு கோடுகள் இணையாக இருக்க வேண்டும் என்று பணித்தால், கோணலாகப் போட்ட கோட்டையும் கணிப்பொறி இணையாக்கிக் காட்டியது. அதுகாறும் பெரும்பாலும் எண்களையும் எழுத்துகளையுமே வாங்கிக்கொண்ட இயந்திரம், கையின் எண்ணத்தை வாங்கத் தொடங்கியது.

அடுத்த நிகழ்ச்சி நம் தொழிற்சங்கத் தோழர்கள் ஊன்றிப் படிக்க வேண்டியது. 1980களின் தொடக்கத்தில் செய்தித்தாள் அச்சகங்களுக்குள் கணிப்பொறி நுழைந்தது. தம் கைத்திறன் பயனற்றதாகிவிடுமோ என்று அச்சுத் தொழிலாளர் அஞ்சினர். அந்நிலையில் ஸ்வீடன், டென்மார்க் முதலிய நாடுகளின் அச்சுத் தொழிற்சங்கக் கூட்டமைப்பும் ஆராய்ச்சியாளர் சிலரும் கைகோத்து, 1981 முதல் 1985 வரை 'யுடோபியா' என்னும் திட்டத்தை நடத்தினர். பக்கம் அமைக்கும் கணிப்பொறி எப்படி இருக்க வேண்டும் என்பதை முதலாளியோ விற்பனையாளரோ சொல்வதற்கு முன், அதில் வேலை செய்யப்போகும் தொழிலாளரே சொல்ல வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. அவர்கள் விரும்பிய இயந்திரங்கள் அப்போது அச்சகங்களுக்கு வந்துசேரவில்லை. அதனால் என்ன? தாளில் திரையை வரைந்தனர். ஒட்டுப்பலகையில் மேசை செய்தனர். வெற்று அட்டைப்பெட்டியின்மேல் அச்சு இயந்திரம் என்று எழுதி வைத்தனர். அவற்றின்முன் நின்று வேலை செய்வதுபோல் செய்து பார்த்து, இது எட்டாது, இது தேவையில்லை, இது இவ்விடத்தில் வேண்டும் என்று மாற்றி மாற்றி அமைத்தனர். தாளும் அட்டையும் தொழிலாளியின் கையில் வடிவமைப்புக் கருவிகளாயின.

இதன் பொருள் யாது? நிரல் எழுதத் தெரியாதவரும் வடிவமைப்பில் பங்கு பெறலாம். அதற்கு வேண்டியவை தன் வேலையைப் பற்றிய அறிவும், அதைக் காட்ட ஒரு தாளுமே.

இணையப் பக்கம் பிறந்தது

1989 மார்ச்சில், சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரை அடுத்த செர்ன் என்னும் அணுத்துகள் ஆய்வகத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ் லீ ஒரு முன்மொழிவை எழுதினார். அதன் முகப்பிலேயே வட்டங்களும் அம்புக்குறிகளும் கொண்ட ஒரு படம் இருந்தது. வலை போன்று தகவல்கள் ஒன்றோடொன்று பிணைந்து நிற்க வேண்டும் என்பதை அப்படம் காட்டியது. 1990ஆம் ஆண்டின் இறுதியில் முதல் இணையப் பக்கம் இயங்கியது. 1993 ஏப்ரல் 30 அன்று, எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று செர்ன் அதனைப் பொதுவுடைமையாக்கியது. உலகெங்கும் அது பரவியதற்கு இக்கொடை ஒரு பெருங்காரணம்.

இணையப் பக்கத்தின் உள்ளமைப்பு எளிதானதே. இது தலைப்பு, இது பத்தி, இது படம், இது வேறு பக்கத்திற்குச் செல்லும் இணைப்பு என்று ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் அடையாளம் இடுகிறோம். அவ்வாறு அடையாளமிடும் மொழிக்கு எச்.டி.எம்.எல். என்று பெயர். அந்த அடையாளங்களைப் படித்து, பக்கத்தைத் திரையில் கட்டிக் காட்டுவது உலாவி என்னும் மென்பொருளின் வேலை. அச்சுக்கோப்பவர் டம்மியைப் பார்த்துச் செய்த வேலைக்கும் இதற்கும் உறவு உண்டு என்பதை நாம் உணரலாம்.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையச் சேவை 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அதே ஆண்டில் சிங்கப்பூரில் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி தமிழை இணையத்தில் ஏற்றும் முன்னோடி முயற்சியில் வெற்றி கண்டார். ஆனால் அக்காலத்தில் ஒருவர் அமைத்த தமிழ்ப் பக்கம் மற்றொருவர் கணிப்பொறியில் புரியாத குறிகளாகத் தெரிவது வழக்கம். ஒவ்வோர் எழுத்துருவும் ஒவ்வொரு முறையைப் பின்பற்றியதே காரணம். இக்குழப்பத்தைக் களைய 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழக அரசு கூட்டிய 'தமிழ்நெட் 99' மாநாடு விசைப்பலகைக்கும் எழுத்துக் குறியீட்டுக்கும் பொது நெறி வகுக்க வழி செய்தது. பின்னர் உலகப் பொதுவான யூனிகோடு முறை பரவியதும், தமிழ் எழுத்து எந்தத் திரையிலும் தமிழாகவே தெரிந்தது.

மொழியின் தடை இவ்வாறு தளர்ந்தது. எனினும் அடையாளங்களும் நிரல்களும் ஆங்கிலத்திலேயே இருந்தன. அவற்றைக் கற்க ஆங்கிலமும், கட்டணம் வாங்கும் பயிற்சி நிலையமும், வீட்டில் ஒரு கணிப்பொறியும் தேவைப்பட்டன. ஆலையில் வரைவாளர் அறைக்கு வெளியே நின்ற நாம், இங்கும் ஒரு கதவுக்கு வெளியே நின்றோம். நமக்கு என்ன வேண்டும் என்பது நமக்குத் தெரிந்தே இருந்தது. அதைப் பக்கமாக்கும் மொழிதான் பிறர் கையில் இருந்தது.

கோட்டைப் படிக்கக் கற்ற இயந்திரம்

வியப்பு என்னவெனில், நிரல் தெரிந்த வல்லுநர்களும் முதலில் தாளைத்தான் நாடினார்கள். 1990களில் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் லேண்டே என்பவர் 'சில்க்' என்னும் கருவியைப் படைத்தார். கையால் வரைந்த பட்டனையும் பட்டியலையும் அது அடையாளம் கண்டு, அழுத்தினால் இயங்கச் செய்தது. பின்னர் அவர் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மூவரோடு சேர்ந்து, 2000ஆம் ஆண்டில் 'டெனிம்' என்னும் கருவியை வெளியிட்டார். இது இணையதளங்களை வரைவதற்கென்றே அமைந்தது. பக்கங்களைக் கையால் வரைந்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அம்புக்குறி போட்டால், அக்கைவரைபடத்துக்குள்ளேயே பக்கம் விட்டுப் பக்கம் சென்று பார்க்க முடிந்தது. கோணல் கோடுகளை நேராக்கி மெருகிட அக்கருவி முற்படவில்லை. அழகுபடுத்திய பக்கத்தைக் காட்டினால், பார்ப்பவர் நிறத்தையும் எழுத்தின் வடிவையும் பற்றியே பேசுவர். கரடுமுரடான கைவரைபடத்தைக் காட்டினால், எது எங்கே இருக்க வேண்டும் என்று துணிந்து பேசுவர். இதனை அறிந்தே அவ்வாறு விட்டனர்.

அடுத்த பாய்ச்சல் 2017இல் நிகழ்ந்தது. டென்மார்க்கில் டோனி பெல்ட்ரமெல்லி 'பிக்ஸ்டுகோடு' என்னும் ஆய்வை வெளியிட்டார். திரையின் படத்தைக் கொடுத்தால் அதற்குரிய நிரலை எழுதுமாறு செயற்கை நரம்பு வலையமைப்பைப் பழக்கியது அவ்வாய்வு. 2018இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 'ஸ்கெட்ச்2கோடு' என்னும் கருவியைக் காட்டியது. இது கையால் வரைந்த படத்தையே வாங்கிக்கொண்டு பக்கத்தின் நிரலைத் தந்தது. 2023 மார்ச் 14 அன்று ஓப்பன் ஏ.ஐ. நிறுவனம் ஜி.பி.டி.-4 என்னும் செயற்கை நுண்ணறிவை அறிமுகப்படுத்தியபோது, ஒரு குறிப்பேட்டில் கையால் கிறுக்கிய நகைச்சுவைப் பக்கத்தின் படத்தைக் கொடுத்து, அதை இயங்கும் பக்கமாக்கிக் காட்டினர். அறுபது ஆண்டுகளில் ஒளிப்பேனாவிலிருந்து சாதாரணப் பென்சிலுக்கே திரும்பி வந்துவிட்டோம்!

இம்மாற்றம் எவ்வாறு நிகழ்கிறது? 'ஸ்கெட்ச்2கோடு' போன்ற கருவியில் நான்கு படிகளைக் காணலாம். முதலில், படத்திலுள்ள உருவங்களை இனங்காண்கிறது: குறுக்குக் கோடிட்ட கட்டம் என்றால் படம், சொல்லைச் சூழ்ந்த சிறு கட்டம் என்றால் பட்டன், வெற்று நீள்கட்டம் என்றால் எழுதி நிரப்பும் இடம். இரண்டாவதாக, கையெழுத்தைப் படிக்கிறது. மூன்றாவதாக, எது எதன் மேல், எது எதன் அருகில் என்று கணித்து, வரிசைகளாகவும் பத்திகளாகவும் அடுக்குகிறது. நான்காவதாக, அவ்வடுக்குக்கு ஏற்ற எச்.டி.எம்.எல். நிரலை எழுதுகிறது. பின்னர் வந்த பெரிய மொழி மாதிரிகள் இவற்றைத் தனித்தனிப் படிகளாகச் செய்யாமல், படத்தையும் நாம் சொல்லும் விளக்கத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டு நேரே நிரலை எழுதுகின்றன.

கோடு சொல்லாதவை

மகிழ்வோம்; ஆனால் மயங்க வேண்டாம். பார்க்ஸ் வரைந்த துறைமுகம் தாளில் குறையின்றித்தான் இருந்தது. கைவரைபடம் பக்கத்தின் முகத்தைக் காட்டுமே தவிர, முதுகைக் காட்டாது. 'அனுப்பு' என்று ஒரு பட்டனை வரைந்துவிடலாம். அதை அழுத்தியபின் செய்தி எங்கே போகிறது, எந்தக் கணிப்பொறியில் தங்குகிறது, யார் அதைப் பார்க்கலாம் என்பவை தாளில் இல்லை. இயந்திரம் அவற்றை ஊகித்து நிரப்பும். அல்லது ஒன்றும் செய்யாத வெறும் பட்டனைத் தந்துவிடும்.

நம் மக்களின் பெயர், சாதி, வருமானம், கைபேசி எண் ஆகியவற்றைக் கேட்கும் பக்கமொன்றை நாமே அமைப்பதாகக் கொள்வோம். அத்தகவல் காப்பின்றிக் கிடந்தால் அதனால் விளையும் தீங்கு யாரைச் சேரும்? சாதியின் பெயரால் வேலையிலும் வாடகை வீட்டிலும் வேற்றுமை காட்டப்படும் நாட்டில் இது சிறு செய்தியன்று. மின்னணு முறையில் கையாளப்படும் தனிநபர் தரவைக் காக்க 2023இல் நாடாளுமன்றம் ஒரு சட்டத்தை இயற்றியுள்ளது. சட்டம் இருப்பினும், தேவையற்ற தகவலைக் கேளாதிருப்பதே முதற் காப்பு.

இன்னும் சில உண்டு. இணைப்பு தளர்வாக இருக்கும்போது பக்கம் எவ்வாறு தெரியும்? பார்வையற்ற தோழருக்குப் பக்கத்தை ஒலியாகப் படித்துக் காட்டும் மென்பொருளுக்கு, படத்தில் இருப்பது இன்னது என்று சொல்லும் வரி இருக்கிறதா? நம் கையெழுத்திலுள்ள ழகரத்தை இயந்திரம் ளகரமாகப் படித்துவிட்டதா? இவற்றையெல்லாம் கேட்க ஒரு மனிதர் வேண்டும். அந்த மனிதர் நம்மவராக இருத்தல் வேண்டும்.

நாம் செய்யத்தக்கது

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். பள்ளியிறுதிக்கு மேற்பட்ட படிப்புக்கு ஆதிதிராவிட மாணவர்களுக்கான மத்திய அரசின் உதவித்தொகைத் திட்டம் 1944 முதல் உள்ளது. அதைப் பெறும் வழியறியாது அலையும் மாணவர்கள் இன்றும் உள்ளனர். இவர்களுக்கென நம் பகுதி இளைஞர்கள் ஒரு வழிகாட்டிப் பக்கத்தை அமைக்க விரும்பினால் எங்ஙனம் தொடங்குவது?

முதலாவது, கணிப்பொறியைத் திறவாமல் தாளை எடுக்க வேண்டும். உதவித்தொகை பெற்ற ஒருவரையும், கிடைக்காமற் போன ஒருவரையும், விண்ணப்பத்திற்காக அலைந்த ஒரு தாயையும் அமர்த்திக் கேட்க வேண்டும். எந்தச் சான்றிதழ் எங்கே கிடைக்கும், எந்த நாளுக்குள் கொடுக்க வேண்டும், மறுத்தால் யாரிடம் முறையிடுவது என்று அவர்கள் கேட்கும் கேள்விகளே பக்கத்தின் தலைப்புகளாகும்.

இரண்டாவது, ஒரு தாளுக்கு ஒரு திரை என்று வரைய வேண்டும். கைபேசியில் பார்ப்போரே மிகுதியாதலால், தாளையும் அவ்வளவு அகலத்தில் மடித்துக்கொள்ள வேண்டும். முதல் தாளை அந்தத் தாயின் கையில் கொடுத்து, வருமானச் சான்றிதழ் பற்றி அறிய எங்கே விரல் வைப்பீர்கள் என்று கேட்க வேண்டும். அவர் விரல் வைத்த இடத்துக்குரிய அடுத்த தாளை நீட்ட வேண்டும். அவர் தயங்கினால் குறை அவருடையதன்று, கோட்டினுடையது. தாளில் அழித்து வரைவது எளிது. கட்டி முடித்த பின் இடிப்பது கடினம்.

மூன்றாவது, இவ்வாறு சோதித்த தாள்களையே படம் பிடித்து இயந்திரத்துக்குக் கொடுக்க வேண்டும். பட்டனை அழுத்தினால் என்ன நிகழ வேண்டும் என்பதைத் தமிழிலேயே தெளிவாக எழுதிச் சேர்க்க வேண்டும்.

நான்காவது, அது தந்த நிரலைத் திறந்து படிக்க வேண்டும். முழுவதும் விளங்காவிட்டாலும், தலைப்பு எது, இணைப்பு எது, படிவம் எங்கே போகிறது என்ற அளவாவது விளங்க வேண்டும். அந்த அளவு எச்.டி.எம்.எல். கற்க நீண்ட காலம் வேண்டியதில்லை. ஒரு சொல்லை மாற்றிப் பாருங்கள். ஒரு வரியை நீக்கிப் பாருங்கள். பக்கம் எவ்வாறு மாறுகிறது என்று கவனியுங்கள். இதுவே சிறந்த வகுப்பு.

இயந்திரமே எழுதித் தரும்போது நாம் ஏன் கற்க வேண்டும் என்று சிலர் கேட்கலாம். ஆலையின் வரலாறு இதற்கு விடை சொல்கிறது. வரைபடத்தைப் படிக்கத் தெரியாதவர், கொடுத்ததைச் செய்தார்; பிழையான படத்தையும் பிழை என்று சொல்ல அவரால் இயலவில்லை. நிரலைப் படிக்கத் தெரியாதவர் நிலையும் அதுவே ஆகும். இயந்திரம் தந்ததை வாங்கி வைப்பவராக நின்றால், மதில் இருந்த இடத்திலேயே இருக்கும். அதன் பெயர் மட்டும் மாறியிருக்கும். எளிய பக்கங்களைச் செய்து தரும் கூலிவேலை இனி குறையவும் கூடும். ஆனால் மக்களின் தேவையைக் கேட்டறிந்து, அதைக் கோடாக்கி, வந்த பக்கத்தைச் சோதித்துத் திருத்தும் அறிவுக்குத் தேவை குறையாது. அவ்வறிவு நம் தெருக்களில் நிறைந்திருக்கிறது. துறைமுகத்தில் சரக்கு எங்கே தேங்கும் என்பதும், எந்த அலுவலகத்தில் எந்தக் கோப்பு எங்கே நிற்கும் என்பதும் நம் மக்கள் அறிந்தவையே. அவற்றை நாம் இதுவரை வரைந்து காட்டவில்லை, அவ்வளவே.

இளைஞர்களே! ஈய எழுத்தைக் கோத்து நம் முன்னோர் ஒரு பைசாவில் ஒரு பக்கம் படைத்தனர். அட்டைப்பெட்டியை வைத்துக்கொண்டு வடநாட்டுக் கடற்குளிரில் அச்சுத் தொழிலாளர் தம் இயந்திரத்தைத் தாமே வடிவமைத்தனர். உங்கள் கையில் இன்று இருப்பவை ஒரு தாளும் ஒரு பென்சிலும் ஒரு கைபேசியும். கழகத்தின் மாலை வகுப்பில் இனி ஒவ்வொரு குழுவும் நம் பகுதியின் ஒரு தேவையை எடுத்துக்கொண்டு, முதலில் தாளில் வரைந்து, அதைப் பயன்படுத்தப் போகிறவரிடம் காட்டி, பின்னரே கணிப்பொறியை அணுக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். அந்தத் தாள்களைக் கிழித்தெறியாமல் தேதியிட்டுக் கழக நூலகத்தில் சேர்த்து வையுங்கள். பொன் விழாவின்போது இந்த வரலாற்றின் அடுத்த பகுதியை எழுதுவோர்க்கு, நம் மக்கள் வரைந்த முதற்கோடுகளாக அவை அங்கே இருக்கட்டும்.